ஆஸ்பத்திரித் திருப்பத்துச் சூரியகாந்திகள்

டிரைவர் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சொல்லி முடிக்கும்போது எல்லோரும் "ஆனாலும்..." என்று ஓர் இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்புக்குக் காரணம் நான். அதனால் நான் சொல்வதுதான் முறை.

முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே அண்ணி அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைவிட்டுத் துரத்தத் தொடங்கிவிட்டார். பீரோவை நகர்த்தினால்கூடப் பின்னால் நின்று "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்று கைகாட்டுகிற மனிதரை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

அப்படி அவர் வந்து சேர்ந்த இடம்தான் எங்கள் பூக்கூட்டம். பதினொரு பேர். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டியும் வாளியுமாகக் கிளம்பி, பள்ளிக்கூட வாசல், தபால் நிலையச் சுவரடி என்று சும்மா கிடக்கும் மண்ணிலெல்லாம் பூச்செடி வைப்போம். ஆளுக்கு ஓர் இடம் பொறுப்பு. ஆஸ்பத்திரித் திருப்பத்தில் சாலை நடுவே இருக்கும் முக்கோணத் திட்டு அண்ணனுடையது. அதற்கு எதிரே என் தையல்கடை.

அண்ணனிடம் ஒரு சட்டம் உண்டு. திருப்பத்தில் முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக்கூடாது. செடி வைத்ததும் சாலையோரம் குந்தி உட்கார்ந்து, அந்தப் பக்கம் வருகிற வண்டி தெரிகிறதா என்று பார்ப்பார். நின்று பார்த்தால் எல்லாம் தெரியும், சைக்கிளில் வருகிறவர்களின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசி என்பார். அதனால் எப்போதும் பத்துமணிப்பூதான். மண்ணோடு மண்ணாகக் கிடக்கிற பூவை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் சண்டை போடுவேன். சிரித்து மழுப்பிவிடுவார்.

மகளின் பிரசவத்துக்காக அவரும் அண்ணியும் இரண்டரை மாதம் வெளியூர் போனார்கள். தண்ணீர் ஊற்றும் வேலையை என்னிடம் விட்டுப் போனார். நான் தண்ணீரோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பாக்கெட் சூரியகாந்தி விதை வாங்கி மூன்று வரிசையாக ஊன்றினேன். யாராவது சட்டம் பேசிப் பிடுங்கிவிடக் கூடாதே என்று, விதையை அண்ணன்தான் கொடுத்துவிட்டுப் போனார் என்று கூட்டத்தில் கூசாமல் பொய்யும் சொன்னேன். அவர் திரும்பி வந்தபோது செடிகள் என் கழுத்தளவு நின்றன, மொட்டும் முட்டிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கே அரிவாளோடு வந்துவிட்டார். நான் குறுக்கே நின்றேன்.

"ஒரே ஒரு வாரம் அண்ணே. பூத்து முடிஞ்சதும் நானே வெட்டிடுறேன்."

குந்தி உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். எழுந்து என் முகத்தைப் பார்த்தார். கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே தேய்கிற எனக்கு, அந்த வருடம் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சரி என்றார். வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஐந்தாம் நாள் காலை எல்லாப் பூவும் விரிந்திருந்தது. டூட்டிக்குச் சைக்கிளில் வந்த நர்ஸ் பெண் திருப்பத்தில் வேனைப் பார்க்கவில்லை. வேன்காரரும் அவளைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு மிஷினை அப்படியே விட்டு ஓடினேன். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே இரண்டு நாள் கிடந்து இறந்துபோனாள். இருபத்து நாலு வயது. யூனிஃபார்ம் தைக்க என்னிடம்தான் வருவாள். அவளுடைய அளவு இன்னும் என் நோட்டில் இருக்கிறது.

போலீஸும் நகராட்சி இன்ஜினியரும் வந்து, இதை வைத்தது யார் என்று கேட்டார்கள். மற்றவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அது என் இடம் சார்" என்றார்.

வழக்கு நிற்கவில்லை. அதுவரை வருடா வருடம் புது டிரைவர்களிடம் பேசச் சொல்லி டிப்போவிலிருந்து அவரைக் கூப்பிடுவார்கள். பழைய காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார். அந்த வருடம் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போய், ஊரறிய எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். அண்ணி கதவைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஆசைப்பட்டுக் கேட்ட. முடியாதுன்னு சொல்ல வேண்டியவன் நான். குந்திப் பாத்தேன், அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. தெரிஞ்சேதான் விட்டேன்" என்றார் அண்ணன்.

சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்துத் தூக்கத்திலேயே போய்விட்டார். வாசலில் டிப்போ ஆட்கள் நிறையப் பேர் கூடியிருந்தார்கள். அவரோடு வருடக்கணக்கில் ஓடிய கண்டக்டர் எழுந்து பேசினார். தங்கமான மனிதர் என்றார். பிறகு குரலை இறக்கி, "கடைசி காலத்துல பூப்பூவுன்னு அலைஞ்சு ஒரு பொண்ணு உயிருக்கு எமனாயிட்டாரு. அது ஒண்ணுதான் குறை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டம் கலைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது கிட்டே போய் அவர் கையைப் பிடித்தேன். மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இன்னைக்காவது நீ சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார்.