தைஸ்தோவின் சவுனாவில் ஒரு காது

தைஸ்தோவுக்கு ஆண்டவன் வாயைக் கொடுத்ததே காபி குடிக்கத்தான் என்பாள் அவர் மனைவி ஹெல்வி. மரம் ஏற்றும் லாரி ஓட்டிய காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, மனுஷன் அளந்துதான் பேசுவார். சனிக்கிழமையானால் ஏரிக்கரையில் இருக்கும் தன் சவுனா என்னும் நீராவிக் குளியலறையைச் சூடேற்றுவார். பக்கத்து வீட்டு அர்மாஸ் துண்டோடு வந்து சேர்வார். இருவரும் பலகையில் ஏறி உட்கார்ந்து, கொதிக்கும் கற்கள்மேல் தண்ணீர் ஊற்றி, வேர்த்து விறுவிறுத்து, ஏரியில் விழுந்து எழுந்து வீடு போவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. அப்படியொரு சிநேகிதம்.

ஹெல்வி இறந்துபோன பிறகு மகள் பிர்யோவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தான் இருக்கும் டாம்பரே நகரத்திலிருந்து ஒரு கருவியோடு வந்து சவுனாச் சுவரில் மாட்டினாள். உள்ளே ஆள் இருந்தும் பேச்சுக்குரலே இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கும் அவளுக்கும் தகவல் போகும். பேசாமல் இருக்கத்தான் மனிதர்கள் சவுனாவுக்குப் போகிறார்கள் என்று அதைச் செய்த மகராசனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதல் சனிக்கிழமையே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் வந்தது. கிழவர்கள் இருவரும் இடுப்பில் துண்டோடு அசடு வழிய நின்றார்கள்.

"இன்னொரு தடவை அது அலறிச்சுன்னா, சவுனாவும் வேணாம் ஒண்ணும் வேணாம். பெட்டியக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடணும்ப்பா," என்றாள் பிர்யோ.

அடுத்த வாரம் பலகையில் உட்கார்ந்ததும் தைஸ்தோ அர்மாஸை முழங்கையால் இடித்தார். "பேசுய்யா."

"என்னத்தப் பேச?"

"எதையாவது."

"நல்ல வெயிலு."

"ஆமா."

சரக்கு தீர்ந்துபோனது. கருவியில் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அர்மாஸ் பதறிப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஹெல்வி சாவுக்கு வந்தப்ப உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னுதான் நெனச்சேன். வாயே வரல. அவ சுடுற ஏலக்காய் ரொட்டி இருக்கே... இப்பவும் சனிக்கிழமையானா மூக்கு உன் வீட்டுப் பக்கம் தானா திரும்புதுய்யா."

தைஸ்தோ குலுங்கிக் குலுங்கி அழுதார். கருவி அதையும் கேட்டு மகளைக் கூப்பிட்டது.

"அப்பா! என்னாச்சு? யாரு அழறது?" கருவியிலிருந்தே பிர்யோவின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. அர்மாஸ் பேசினான்."

"அர்மாஸ் மாமாவா? பேசினாரா?" கார்ச் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் அப்படியே இருங்க. இதோ வரேன்!"

அவள் வந்தபோது இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து இன்னும் ஹெல்வியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பிர்யோவும் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்காக அழுதாள். கிளம்பும்போது அப்பாவை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் எடுத்துப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை சவுனாவில் பழையபடி நிம்மதியான மௌனம். கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தைஸ்தோ கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ம்... அப்புறம் சொல்லு," என்றார்.