பட்டன் மாதிரி தெரியணும்

எந்தத் துணியைக் கொடுத்தாலும் டெய்லரக்கா முதலில் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுவிடுவார். "மூஞ்சிய எதுக்கு எங்கிட்ட காட்டுறீங்க? தையல காட்டுங்க" என்பார். துணியைத்தான் சொல்கிறார். ஆனால் மனிதர்களின் முகத்தையும் அவர் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வாசலில் ஆள் நிழல் தட்டினால், தலையைத் தூக்காமலே, "யாரு, வலது பாக்கெட்ட சாவி போட்டுப் போட்டே ஓட்டையாக்குறவரா?" என்று கேட்பார். நான்தான் அது.

எங்கள் கட்டிடத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறைதான் கடை. சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். ஒரு மிஷின், இரண்டு ஸ்டூல், ஒரு டியூப் லைட், சுவரெல்லாம் நூல்கண்டு. பேன்ட் உயரம் குறைக்க, ஜிப் மாற்ற என்று காலையிலிருந்தே ஆள் வந்துகொண்டிருக்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் குடியிருக்கிற அத்தனை பேருக்கும் அவர் டெய்லரக்கா. எனக்கும் அப்படித்தான். அவருக்கு நான் அண்ணன். இந்தக் குழப்பத்தை இருவருமே கண்டுகொள்வதில்லை.

யார் வந்தாலும் மிஷின் நிற்காது. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார், சிரிப்பார், சண்டை போடுவார். கால் மிதித்துக்கொண்டே இருக்கும். கட்டிடச் சொந்தக்காரர் வந்து நின்றபோதும், "சொல்லுங்க, காது சும்மாதான் இருக்கு" என்றார்.

என் பேரன் பிறந்த இருபதாம் நாள் அவனுக்குச் சட்டை தைக்கப் போனேன். அளவுக்கு ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

"இது கையா, காலாண்ணே?"

"நெஞ்சு."

"நெஞ்சா! சுண்டெலிக்கா சட்டை தைக்கிறோம்?"

"மூணு கிலோ முந்நூறு கிராம்" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

கூடவே என் சின்ன மகளின் பள்ளிக்கூடச் சட்டையையும் கொடுத்தேன். அவளுக்குப் பதினாலு வயது. கழுத்துப் பக்கம் தையல் விட்டிருந்தது. டெய்லரக்கா வழக்கம்போலத் திருப்பிப் போட்டு, பட்டன் வரிசையில் விரலை ஓட்டினார்.

"மூணாவது தடவ, அதே எடம். தலைவழியா இழுத்துத்தான் கழட்டுறா. பாருங்க, வருஷம் பூரா போட்ட சட்டை. பட்டன் ஓட்டையெல்லாம் கடையிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு."

"சோம்பேறிக் கழுத. பட்டன அவுக்கக்கூட ஒடம்பு வணங்காது."

"போன மாசம் தனியா வந்தாண்ணே. 'அக்கா, பட்டன் மாதிரி தெரியணும், ஆனா பட்டன் இருக்கக் கூடாது, அப்படித் தைப்பீங்களா'ன்னு கேட்டா. ஏம்மான்னேன். சட்டையப் புடுங்கிட்டு ஓடிட்டா. சோம்பேறியா இருந்தா எதுக்குண்ணே ஒளிக்கணும்?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கேட்டார். எழுத்து எப்படி? கோழி கிளறின மாதிரி இருக்கும். பாதிப் பரீட்சையிலேயே மணி அடித்துவிடும். ஷூ? லேஸ் இல்லாததுதான் வேண்டும் என்பாள். சாப்பாடு? ஸ்பூனில்தான். நாங்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தோம்.

"பாப்பாவ தூக்குறாளா?"

இருபது நாளில் அவள் குழந்தையை ஒரு தடவைகூடத் தொடவில்லை. "சித்தியாம் சித்தி, திமிரு புடிச்சவ" என்று அவனைப் பெற்ற என் பெரிய மகள் அழுதே விட்டாள்.

டெய்லரக்கா அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்து என் முன்னால் போட்டார். பெரிய பட்டன்கள், ஒரு ஜிப், ஒரு லேஸ், நாலு கொக்கி. சட்டையும் இல்லை, பையும் இல்லை.

"ஆஸ்பத்திரி தெரபி டீச்சருக்குத் தைக்கிறது. ஆகுபேஷனல் தெரபின்னு பேரு. கைவேலை பழக்குவாங்க. நானும் சின்னக் கொழந்தைங்களுக்குன்னுதான் நெனச்சேன். பதினஞ்சு, பதினாறு வயசுப் புள்ளைங்களும் வருதாம். நான் ஒண்ணும் டாக்டர் இல்ல. ஒண்ணுமில்லாமலும் போகலாம். ஒரு தடவ காட்டிடுங்க. ஆனா வீட்டுக்குப் போனதும், எங்க, பட்டன போட்டுக் காட்டு பாப்போம்னு அவள நிக்க வெச்சிடாதீங்க."

நான் நிற்க வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பாப்பாவை ஏன் தூக்குவதில்லை என்று மட்டும் கேட்டேன்.

"கீழ போட்டுடுவேம்ப்பா" என்றாள்.

மறுவாரம் தெரபி டீச்சர் அவளை எழுத வைத்து, முடிச்சுப் போட வைத்து, ஒரு மணி நேரம் பார்த்தார். விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்வது சின்ன வயதிலிருந்தே சிரமமாக இருந்திருக்கிறது, சோம்பல் இல்லை, பழக்கினால் முன்னேறும் என்றார். இப்போது வாரம் இரண்டு நாள் போகிறாள். எழுத்து இன்னும் கோழிதான். ஆனால் பரீட்சையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள்.

பேரனுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் அவனைத் தூக்கிக்கொண்டு, டெய்லரக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்த அடுத்த சட்டையை வாங்கப் போனோம். நாடா வைக்கச் சொல்லியிருந்தேன். முன்பக்கம் மூன்று பட்டன் இருந்தது.

"நாந்தாம்ப்பா சொன்னேன்" என்றாள் கூட வந்த சின்னவள்.

ஸ்டூலில் என் மடிமேல் இருந்தவனுக்குச் சட்டையை மாட்டிவிட்டு, குனிந்து பட்டனைப் பிடித்தாள். நழுவியது. அவன் வேறு காலை உதைத்தான். "டேய், இருடா. சித்தி போடுறேன்ல?" மறுபடியும் நழுவியது. என் கை தானாக அந்தப் பட்டனை நோக்கிப் போனது.

அப்போதுதான் கடை அமைதியாக இருப்பது எனக்கு உறைத்தது. மிஷின் நின்றிருந்தது. டெய்லரக்கா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.