தலைக்குக் குளித்த தேதி

எங்கள் குடும்பநல மையத்தில் "மறுபடி சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டால் வாட்ச்மேன்கூட நேரே மாடியைக் காட்டுவார். உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார். பதினெட்டு வருஷமாக அவளுக்கு அதுதான் பெயர். வைத்தவள் நான். கோபத்தில் வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த நர்ஸுகள். எனக்குக் கீழே பதிவு மேசை. வருகிற பெண்களிடம் விவரம் கேட்டு அட்டை போடுவேன். அவளுக்கு மாடியில் பயிற்சிக் கூடம். வெளியூர் மையங்களிலிருந்து வரும் நர்ஸுகளுக்கு மாத்திரை, ஊசி, காப்பர்-டி எல்லாம் எப்படிக் கொடுப்பது, கொடுப்பதற்கு முன் என்னென்ன கேட்பது என்று சொல்லித்தருவாள். அங்கே ரப்பரில் செய்த இடுப்பு பொம்மை ஒன்று உண்டு. தலையும் கிடையாது, காலும் கிடையாது. அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்திருந்தாள். "இந்த ஆபீஸ்ல எதிர்த்துப் பேசாத ஒரே மேடம் இவங்கதான்" என்பாள்.

அவளிடம் ஒரு கெட்ட வழக்கம். கெட்ட வழக்கம் என்றுதான் நான் அப்போது சொல்வேன். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் எதிரே இருப்பவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "புரிஞ்சுது சிஸ்டர்" என்று தலையாட்டினால் விடமாட்டாள். "என்ன புரிஞ்சுது? மறுபடி சொல்லும்மா." வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வழக்கம் வந்த கதையும் எனக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் நாலு குழந்தைக்காரி ஒருத்தியிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்து, "தினமும் படுக்கும்போது ஒண்ணு போட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினாள். நாலு மாதம் கழித்து அந்த அம்மாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். கையில் அதே அட்டை, பாதி மாத்திரை அப்படியே இருந்தது. "நீங்க சொன்னபடிதான் சிஸ்டர் செஞ்சேன். அவர் லாரி ஓட்டுறவரு. வீட்டுக்கு வர்ற அன்னிக்கு மட்டும்தானே படுக்கிறோம்?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை. அந்த ஐந்தாவது பிரசவத்தில் அந்த அம்மாள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு நானும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இவள் வாயில் 'மறுபடி'தான்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று பயிற்சியின் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். வெளியூர் நர்ஸ் ஒருத்திக்கு மேற்பார்வையில் காப்பர்-டி வைப்பது ஒன்று மட்டும் பாக்கி. அதை முடித்தால்தான் அவளுக்குச் சான்றிதழ். "யாராவது வந்தா உடனே மேல அனுப்பு" என்று டாக்டரம்மா காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார்.

பதினொன்றரைக்கு அந்தப் பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பத்து மாதக் குழந்தையை நாத்தனார் தூக்கி வைத்திருந்தாள். அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும், காப்பர்-டி போட வேண்டும் என்றதையும் நாத்தனார்தான் சொன்னாள். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் மேசைக்குப் பக்கத்திலேயே ஆண்கள் வரிசை. அத்தனை பேர் காதில் விழ, கேட்க வேண்டியதைப் பட்டவர்த்தனமாகக் கேட்க எனக்கு எப்போதுமே நாக்கு எழாது. வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி, "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?" என்றேன்.

"முந்தாநாள், சிஸ்டர்."

அட்டையில் 'கடைசி மாதவிடாய்' என்ற இடத்தில் முந்தாநாள் தேதியை எழுதினேன். இப்போதுதான் மாதவிடாய் வந்திருக்கிறது என்றால் கர்ப்பம் இருக்காது. அதற்குக் கீழே இருந்த கேள்விகளைக் கேட்காமலே டிக் போட்டேன். அவளை நானே மாடிக்குக் கூட்டிக்கொண்டும் போனேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

மேலே எல்லாம் தயார். வெளியூர் நர்ஸ் கையுறை மாட்டி நின்றாள். முகத்தில் வேர்வை. மறுபடி சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் மேசையில் மல்லாந்து படுத்ததும் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தோள் வலிக்குதாம்மா?"

"குழந்தையைத் தூக்கித் தூக்கி வலிக்குது போல, சிஸ்டர். படுத்தா ஜாஸ்தியாகுது."

மறுபடி சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தாள். "இருங்க. கருவியைக் கீழ வைங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அட்டையில எல்லாம் எழுதியிருக்கேன். முந்தாநாள்தான் ஆகியிருக்கு. ஆபீசர் வந்துட்டே இருக்காரு, உயிரை வாங்காத."

"நீ எழுதினது இருக்கட்டும்டி. அவ சொல்லட்டும்." அவள் பெண்ணின் பக்கம் குனிந்தாள். "முந்தாநாள் என்ன ஆச்சு? மறுபடி சொல்லும்மா."

"தலைக்குக் குளிச்சேன்."

"எதுக்கு?"

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "தலை அழுக்கா இருந்துச்சு சிஸ்டர். ஷாம்பு போட்டேன்."

வெளியூர் நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் அரை நொடி சிரிப்பு வந்தது. அடுத்த அரை நொடியில் அட்டையில் நான் எழுதிய தேதி நினைவுக்கு வந்தது.

"மாசாமாசம் வர்ற ரத்தப்போக்கு? அது கடைசியா எப்ப வந்துச்சு?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். "குழந்தை தவழ ஆரம்பிச்ச அன்னிக்கு. ஏழு வாரம் இருக்கும். பால் குடுக்கறதால வரலைன்னு நெனச்சேன்."

"வயிறு வலிக்குதா?"

"காலையிலேருந்து. இந்தப் பக்கம்."

"ஏன்டா கண்ணு சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

படுத்தபடியே சிறுநீர் எடுத்துப் பரிசோதித்தோம். பட்டையில் இரண்டு கோடு. நாடி நூற்றிருபது. ரத்த அழுத்தம் தொண்ணூறு. மறுபடி பார்த்தபோது எண்பது. டாக்டரம்மா ஓடி வந்து வயிற்றைத் தொட்டதும் அந்தப் பெண் அலறினாள். "கரு குழாயில தங்கியிருக்கு. குழாய் வெடிச்சிடுச்சு போல. உள்ள ரத்தம் கொட்டுது, அதான் படுத்ததும் தோள்ல வலி. உடனே ஆபரேஷனுக்கு அனுப்பணும்" என்றார் டாக்டரம்மா. மறுபடி சிஸ்டர் தடுத்திருக்காவிட்டால், காப்பர்-டி வைத்து, வலியெல்லாம் அதனால்தான் என்று சொல்லி, இரண்டு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அனுப்பியிருப்போம் என்ன, நான் அனுப்பியிருப்பேன்.

ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. திரும்ப முக்கால் மணி நேரம் ஆகுமாம். அந்தச் சமயம் பார்த்து வாசலில் அதிகாரியின் வேன் வந்து நின்றது. மறுபடி சிஸ்டர் படியில் தடதடவென்று இறங்கினாள்.

"சார், பயிற்சியை அப்புறம் பாக்கலாம். உங்க வண்டி வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு, இப்பவே."

"என்ன விஷயம்? யாரும்மா நீங்க?"

"ஒரு பொண்ணு செத்துக்கிட்டு இருக்கா. மறுபடி சொல்லணுமா சார்?"

அந்த மனுஷன் நல்லவர். கோப்புப் பையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வேனின் பின்சீட்டில் பெண்ணைப் படுக்க வைத்தோம். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபடி வந்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலை உயரப் பிடித்திருந்தேன். மறுபடி சிஸ்டர் கீழே முட்டி போட்டு நாடியைப் பிடித்திருந்தாள். கடைத்தெருவில் சரக்கு வண்டி ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்துக்கொண்டது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பெண்ணின் உதடு வெளுத்து, கண் சொருகியது.

"தூங்கக் கூடாது. உன் பிள்ளை எப்ப தவழ்ந்தான்? சொல்லு."

"அன்னிக்கு... சாயங்காலம்."

"எங்க தவழ்ந்து போனான்? மறுபடி சொல்லு."

"கதவுகிட்ட... அவங்கப்பா செருப்பை..."

"செருப்பை என்ன பண்ணான்? மறுபடி."

பதில் இல்லை. "மறுபடி சொல்லுடி" என்று அவள் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அன்றுதான். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கிறது! அன்று நானும் சேர்ந்து கத்தினேன். "மறுபடி சொல்லும்மா!" உதடு கொஞ்சம் அசைந்தது. "கடிச்சான்." சரக்கு வண்டி நகர்ந்தது.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் நடந்தது. வயிற்றுக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் இருந்ததாம். ஒரு பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. செய்தி வந்ததும் நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

"திட்டேன்டி என்னை" என்றேன்.

குளுக்கோஸ் ஊசி குத்தும்போது கையில் பட்ட ரத்தக் கறையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் 'படுக்கும்போது'ன்னு சொன்னேன். நீ 'குளிச்சியா'ன்னு கேட்ட. என்ன வித்தியாசம்? நமக்கு வெக்கமா இருக்குன்னா, அதுக்கு அவங்க உசிரா குடுக்கணும்?" என்றாள். அவ்வளவுதான். அட்டையில் நடந்ததை நடந்தபடி நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, கூடவே நாத்தனார். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என் மேசைக்கு முன் வந்ததும் மெதுவாக, "சிஸ்டர், அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன். என்னால எல்லாருக்கும் கஷ்டம். மன்னிச்சிடுங்க" என்றாள்.

"நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் தப்பா கேட்டேன். நீ என்னை மன்னிக்கணும்" என்றேன்.

குழந்தை என் பேனாவைப் பிடித்து இழுத்தது. நான் புது அட்டை ஒன்றை எடுத்து, "ஆபரேஷனுக்கு அப்புறம் மாதவிடாய் எப்ப வந்துச்சும்மா?" என்று கேட்டேன். பழக்கதோஷம், குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

மாடிப்படியிலிருந்து சத்தம் வந்தது. "எனக்குக் கேக்கல. மறுபடி!"

ஆண்கள் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்க, நான் மறுபடி கேட்டேன். அந்தப் பெண் தலையை நிமிர்த்தித் தேதியைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.