பால் மறக்க வைத்த சவுரி

என் பேத்திக்குப் பத்து மாதம் ஆனபோது அவளைப் பிள்ளைக் காப்பகத்தில் விடுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது நாங்கள் இல்லை, என் மகள் வேலை பார்க்கும் கம்பெனி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி அது. பிள்ளை பெற்றதற்குக் கொடுத்த லீவு முடிந்து, அதற்கு மேல் அவள் கெஞ்சி வாங்கிய லீவும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வந்து லைனில் நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறு பெண் நிற்பாள் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டான்.

மருமகனுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. பாய்லரை நிறுத்தி ரிப்பேர் பார்க்கும் நாட்களில் அங்கேயே படுத்துக்கொள்வார். அந்த வாரமும் அப்படித்தான். பிள்ளையின் அழுகை கேட்காமல் தூங்கிய ஒரே ஆள் அவர்தான்.

நான் ஏன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று தெருவே கேட்டது. நான் இன்னொரு கம்பெனியின் கேண்டீனில் தட்டு கழுவுகிறேன். மகளும் ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள்.

"நீ வேலைய வுட்டுட்டு பாப்பாவப் பாத்துக்கயேம்மா."

"உன்னயப் பாத்துக்கினே பாதி ஆயுசு போச்சுடி. தட்டு எவ்ளோ தேவல. கழுவி வச்சா வச்ச எடத்துல கீது. என் மேல ஏறி மூத்திரம் பேயாது."



காப்பகத்தை நடத்துகிறவள் பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். பேச்சில் தெலுங்கு எட்டிப் பார்க்கும்; பெரியம்மா என்பதைப் பெத்தம்மா என்பாள். எல்லாரும் அவளை மிஸ் என்பார்கள். கேண்டீனிலிருந்து வரும் வழியில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மாடியில் ஒரு ஹால், பாய் விரித்து வரிசையாகப் பிள்ளைகள். ஊறுகாய் போட மாங்காய் உலர்த்தியதுபோல் கிடந்தார்கள்.

"இதோ பாருங்க பெத்தம்மா," என்றாள் மிஸ். "டம்ளர்ல பால் குடிக்காத புள்ளய நான் எடுக்க மாட்டேன். போன தபா ஒண்ணு வந்துச்சு. சாயந்திரம் வரைக்கும் வாயே தொறக்கல. கம்பெனிக்குள்ள இருக்கற அம்மாவுக்குப் போனு போட்டா எடுக்க வுடமாட்றான். எனுக்குதான் பேஜாரு. இன்னொண்ணு, மொத மொத வுடும்போது பெத்தவ படி ஏறக் கூடாது. அம்மா மொகத்தப் பாத்துட்டா புள்ள டம்ளரத் தட்டி வுட்டுடும். நீங்களே இட்டாந்து வுடுங்க."

என் பேத்தியோ தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வைக்காதவள். இட்லி கொடுத்தால் துப்புவாள். டம்ளரைக் கண்டால் தலையைத் திருப்புவாள். திங்கட்கிழமைக்குள் அவளை டம்ளருக்குத் திருப்பாவிட்டால் என் மகளுக்கு வேலை இல்லை. அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கு இளகிய மனசு. இந்த வேலைக்கு அது உதவாது.

முதலில் மகளை வெளியே அனுப்பிக் கதவைத் தாழ் போட்டேன். பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி டம்ளரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளை கத்தினாள். நான் டம்ளரை நீட்டினேன். தட்டிவிட்டாள். மறுபடி ஊற்றி நீட்டினேன். மறுபடி தட்டிவிட்டாள். வெளியே குழாயடியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை கத்தக் கத்த அவளுக்குப் பால் சுரந்து நைட்டி நனைந்துவிட்டது.

"கதவத் தொறம்மா. தொண்ட கட்டிக்கினு கத்துது."

ஜன்னல் வழியாகச் சொன்னேன். "ஆவின் பூத்து தெறந்தாப்பல கீதே. சும்மா நிக்காத, அப்டியே தெருவுல வித்துட்டு வா."

குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் சிரித்தார்கள். அவள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மதியம்வரை தாக்குப் பிடித்தேன். பிள்ளைக்குக் குரல் போய், காற்று மட்டும் வந்தது. கதவைத் திறந்தேன். தாயின் மடியில் கிடந்து குடித்தபடி என்னைக் கடைக்கண்ணால் பார்த்தாள் பாருங்கள், கேஸ் ஜெயித்தவள் பார்வை.

மறுநாள் வேப்பிலையை அரைத்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மாரில் வேப்பிலை தடவுவதுதான் வழக்கம். நான் பெற்றது அத்தனைக்கும் அப்படித்தான் செய்தேன். ஒரே தடவை வாய் வைக்கும், அதோடு சரி. மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தடவிக்கொண்டாள். பிள்ளை வாயை வைத்தாள். நிறுத்தினாள். நாங்கள் மூச்சு விடவில்லை. பிள்ளை நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு மறுபடி குடிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடித்து, அடுத்த பக்கத்தையும் வழித்து நக்கினாள்.

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் உன் மருந்தால வந்ததும்மா."

உண்மைதான். பிறந்ததிலிருந்து வாராவாரம் தலைக்கு ஊற்றியதும் நான்தான் அவளுக்கு உரைமருந்து கொடுப்பேன். வசம்பு, கடுக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லில் உரைத்து, கூடவே வேப்பங்கொழுந்தும் நசுக்கி, நாக்கில் தடவிவிடுவேன். முகம் கோணாமல் குடிக்கிற பிள்ளை என்று தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். கசப்பு அவளுக்கு நாஷ்டா மாதிரி ஆகிவிட்டது.

மகள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சிரித்தது பிள்ளை ஜெயித்ததற்காக. வேலை போனாலும் பரவாயில்லை என்கிற சிரிப்பு. வீட்டு வாடகை அந்தச் சிரிப்பைப் பார்த்து நிற்குமா?

என் தலையில் இருப்பது எலிவால். கேண்டீனுக்குப் போகும்போது சவுரி வைத்துத்தான் கொண்டை போடுவேன். அந்தச் சவுரியிலிருந்து ஒரு கொத்து முடியை வெட்டினேன். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி எடுத்தேன்.

"ம்மா, வேணாம்மா. அசிங்கமா கீது."

"உனுக்கு அழகு பாக்கவா ஒட்டுறேன்? அசையாத நில்லு. திங்கக்கெழம இன்னா வேணும் உனுக்கு, வேலையா, வேடிக்கையா?"

மாரில் இரண்டு பக்கமும் ஒட்டினேன். பசித்த பிள்ளை தாயின் மடியில் ஏறித் துணியை விலக்கினாள். கரடி மாதிரி கறுப்பாக ஏதோ இருந்தது. ஒரு விரலால் தொட்டாள். முடி விரலில் சுற்றிக்கொண்டது.

பசிக்கு அழுவது எனக்குத் தெரியும், தூக்கத்துக்கு அழுவது தெரியும், அடம் தெரியும். இது அதெல்லாம் இல்லை. உடம்பு விறைத்து, முதலில் சத்தமே வராமல், பிறகு வீறிட்டாள். மடியிலேயே மூத்திரம் போய்விட்டாள். தாயை உதைத்துக்கொண்டு இறங்கித் தவழ்ந்து வந்து என் புடவையைப் பிடித்து ஏறினாள். நான் டம்ளரை நீட்டினேன். குடித்தாள். விக்கிக்கொண்டே குடித்து முடித்தாள்.

மகள் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். தோலும் சேர்ந்து வந்து சிவந்துவிட்டது. "நாந்தாண்டி செல்லம், அம்மாடி," என்று கையை நீட்டினாள். பிள்ளை என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மறுபடி வீறிட்டாள்.

"முடி போயிடுச்சின்னு அதுக்கு எப்டித் தெரியும்?" என்றேன். "நெத்தியில எழுதி ஒட்டிக்க."

ஞாயிற்றுக்கிழமை மகள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாள். வேறு துணி மாற்றினாள். கடைத்தெருவுக்குப் போய்க் கிலுகிலுப்பை வாங்கி வந்து பிள்ளைக்கு முன்னால் ஆட்டினாள். பிள்ளை தயங்கித் தயங்கி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் தவழ்ந்து வந்துவிட்டாள்.

"லஞ்சம் வாங்கிக்கினு வேல செய்யல பாரு. பெரிய ஆபீசராத்தான் வருவா."

"ஒரே ஒரு தபா என் மடில ஒக்கார வையும்மா. நீ கூட இருந்தா ஒக்காரும்."

பிள்ளை உட்கார்ந்திருப்பாள்தான். எனக்குத் தெரியும். "ஒக்கார வச்சா மோந்து பாக்கும். மோந்து பாத்தா வாய வைக்கும். அப்பறம் நாளைக்கு உன் லைன்ல நான் போய் ஒயர் கட்டட்டுமா?" என்றேன்.

அவள் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிய பாலைப் பீய்ச்சி விடத்தான் போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. நான் பிள்ளைக்கு இரண்டு கவுன், துண்டு, மூடி போட்ட டம்ளர் எல்லாம் பையில் எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். தெருமுனையோடு நின்றுவிடு, மிஸ் கண்ணில் படாதே என்று மகளிடம் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டியவள், கம்பெனி சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக எங்கள் பின்னாலேயே படி ஏறி வந்துவிட்டாள்.

மிஸ் பிள்ளையை வாங்கிக்கொண்டு டம்ளரை வாயில் வைத்தாள். பிள்ளை மடமடவென்று குடித்தாள். "பரவால்லயே பெத்தம்மா! எடுத்துக்கறேன்," என்றாள் மிஸ். அப்போதுதான் வாசலில் நின்ற என் மகளைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"யாரும்மா நீ? பெத்தவளா? வரக் கூடாதுன்னு சொன்னனே."

மகள் பிள்ளையைப் பார்த்தாள். ஒரு எட்டு முன்னால் வைத்தாள். பிள்ளை மிஸ்ஸின் தோளில் முகத்தை ஒளித்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்தாள்.

"இல்லீங்க," என்றாள் என் மகள். "சித்தி."

மிஸ் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன். "ஆமாங்க. என் சின்னப் பொண்ணு."

"அப்டின்னா சரி. புள்ளைக்கு உன்னய ஆவாது போல," என்று மிஸ் சிரித்தாள். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "சாயந்திரம் பெத்தவள வரச் சொல்லுங்க. நான் அம்மா கையிலதான் குடுப்பேன். வேற யாரு வந்தாலும் தர மாட்டேன்."

கீழே இறங்கி ரோட்டுக்கு வந்தோம். கம்பெனி பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்தாள்.

"சாயந்திரம் நான் போய் இன்னாம்மா சொல்றது?"

"காலைல சித்தி, சாயந்திரம் அம்மா. ஷிப்ட் மாறிடுச்சின்னு சொல்லு," என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் காலியாகத்தான் இருந்தது. உள்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.