நாலு வயசு கவுன்

தி.நகரில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கிறேன். யார் வந்தாலும், "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெரிசா எடுங்க" என்பேன். தொழிலில் ஊறிப்போன பேச்சு.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று வந்து, நாலு வயசுக்கு ஒரு கவுன் எடுப்பார். போன வருஷமும் அதே அளவைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, உங்க புள்ள வளரவே வளராதா?"

"வளராது அண்ணாச்சி," என்றார் சாதாரணமாக. "சுனாமில பூட்டா. நாளைக்கு அவளுக்குப் படைக்கணும்."

கவுனை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். டிசம்பர் இருபத்தாறு எனக்கு டிவியில் பார்த்துவிட்டு மறந்துபோகிற செய்தி.

அதிலிருந்து, கேட்கிற அளவை எடுத்துப் போடுவதோடு சரி, யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. இந்த வருஷம் அவர் வந்தபோதும் பேசாமல் நாலு வயசு கவுனை எடுத்து வைத்தேன். பிரித்துப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு சைஸ் பெரிசா குடு அண்ணாச்சி. படைச்சிட்டு இப்பல்லாம் பக்கத்து வூட்டுப் பொண்ணுக்குத்தான் குடுக்குறேன். போன வருஷத்து கவுனு அதுக்கு டைட்டா கீதாம். வளர்ற புள்ள இல்ல?"