என் வீட்டுக்காரி ஸ்டூல் கேட்ட கதை

எனக்கு வாய் நீளம். சரக்கு வேன் ஓட்டுகிறவனுக்கு அது இல்லாமல் பிழைப்பு நடக்காது. குறுக்கே வண்டியை நிறுத்துகிறவன், சரக்கை இறக்க இடம் தராதவன் என்று பொழுது விடிந்தால் யாரோடாவது மல்லுக்கு நிற்க வேண்டும். என் வீட்டுக்காரி அதற்கு நேர் எதிர். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பேச்சிலும் நான் ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. கடைசியில் அவள் நினைத்ததுதான் நடக்கும். அது என் யோசனை என்று வேறு நான் நம்பிக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவளே ஒரு தடவை சொதப்பினாள்.

அவள் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. கடை திறந்ததிலிருந்து அடைக்கிற வரைக்கும், வாங்க ஆளே வராத நேரத்திலும், நின்றுகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துவிடுவாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய், "இன்னிக்கு எந்தக் கால்?" என்று கேட்பேன்.

"ரெண்டும்தான். மாத்திக்கறதுக்கு எங்கயாவது கிடைச்சா வாங்கிட்டு வாங்க" என்பாள்.

அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்ணை எல்லாரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு சின்னது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், புருஷனுடைய பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாள். அவன் கப்பலில் வேலை செய்கிறான், வீட்டுக்கு வருவதே அபூர்வம். டாக்டர் அவளை அடிக்கடி உட்காரச் சொல்லியிருந்தார். ஒன்பதாம் மாதம் பிரசவ லீவு தொடங்கும். அதுவரை தாக்குப்பிடித்தால்தான் திரும்பி வரும்போது வேலை இருக்கும். நடுவில் வேலையை விட்டு நின்றுவிட்டால் அவ்வளவுதான்.

சிட்டுவின் கால்களைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் கடைப் பெண்கள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு மேனேஜரைச் சுற்றி நின்று, "எங்களுக்கு நாற்காலி வேணும் சார்" என்று கேட்டுவிட்டாள். கேட்ட நேரம்தான் கோளாறு. பக்கத்திலேயே முதலாளி நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நிக்க முடியாதவங்க வீட்ல இருக்கலாம்" என்ற மேனேஜர், சிட்டுவின் பக்கம் திரும்பி, "இந்த மாசம் முடியட்டும். அப்புறம் வேற ஆள் பார்த்துக்கறோம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரி சோற்றைத் தொடவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. "நாளைக்கு வந்து அந்த ஆளை நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன் பாரு!" என்று குதித்தேன்.

"நீங்க வாயைத் திறக்காம இருந்தா அதுவே பெரிய உபகாரம்" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "தப்பு என்மேலதாங்க. துணி எடுக்க வர்றவங்ககிட்ட நான் இப்படியா பேசுவேன்?" என்றாள்.

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் கடைக்குச் சரக்கு இறக்கப் போகும்போது அவள் வியாபாரம் செய்வதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மாள் எதைக் காட்டினாலும் வேண்டாம், விலை அதிகம் என்று முகத்தைத் திருப்புவாள். வேறு யாராவது என்றால் துணியின் பெருமையை அளந்து தள்ளுவார்கள். இவள், "யாருக்கும்மா எடுக்கறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அந்த அம்மாள் மெதுவாக ஆரம்பிப்பாள். மாமியாருக்காம். போன தடவை எடுத்துக் கொடுத்தது பிரிக்காமலேயே பெட்டியில் கிடக்கிறதாம். விலை இல்லை விஷயம், மாமியாரின் முகச்சுளிப்பு. அது தெரிந்த பிறகுதான் இவள் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுப்பாள். "பிடிக்கலன்னா அவங்களையே கூட்டிட்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்பாள். அதோடு பேரம் படிந்துவிடும்.

மேனேஜரிடம் போகவும் அவள் அவசரப்படவில்லை. ஆற விட்டாள். ஒருநாள் மத்தியானம் நான் சரக்கு அறையில் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மேனேஜர் தனியாக நின்றிருந்தார். இவள் வந்தாள். வரும்போதே என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். மூச்சு விடக் கூடாது என்று அர்த்தம்.

"சார், அன்னிக்கு முதலாளியை வச்சுக்கிட்டுக் கேட்டிருக்கக் கூடாது. உங்களைச் சங்கடத்துல மாட்டி விட்டுட்டேன்."

மேனேஜர் சந்தேகமாகப் பார்த்தார். "இப்ப என்ன, திரும்பவும் நாற்காலியா?"

"இல்ல சார். நாங்க உக்காந்தா உங்களுக்கு என்ன தொந்தரவு வரும்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்."

கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். எனக்கோ நாக்கு அரித்தது. மூட்டையைத் தோளில் வைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார்.

"மாடியில கண்ணாடி ரூம் இருக்கே, முதலாளி அங்கேருந்துதாம்மா பார்ப்பாரு. கவுண்ட்டருக்கு மேல தலை தெரியலன்னா உடனே போன் வந்துடும். 'எங்கய்யா ஆளு, தூங்கறாங்களா?'ன்னு. வசவெல்லாம் எனக்குத்தான்."

"தினமுமா சார்?"

"தினமும்தான்." அவர் ஒரு மூட்டையின்மேல் தொப்பென்று உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் கால் இருக்கும்மா. யாரு கேட்டா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அந்த ஆளை எனக்குக் கண்டாலே ஆகாது. அப்போது பாவமாக இருந்தது.

என் வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள். "அப்போ தலை தெரிஞ்சா போதுமா சார்?"

"போதும்னுதான் நினைக்கிறேன்."

"உயரமா ஒரு ஸ்டூல் போட்டா, உக்காந்தாலும் நிக்கற மாதிரியே தலை தெரியும். முதல்ல எங்க கவுண்ட்டர்ல மட்டும் ஒண்ணு போட்டுப் பார்ப்போம். சரிப்படலன்னா நானே தூக்கிட்டுப் போயிடறேன். உங்க யோசனைன்னே முதலாளிகிட்ட சொல்லுங்க சார். அது வரைக்கும் சிட்டுவுக்குப் பதிலா ஆள் பார்க்க வேண்டாம்."

அவர் யோசித்து, சரி என்று தலையை ஆட்டினார்.

ராத்திரி கடை அடைத்து அவள் வேனில் ஏறியதும் நான் வெடித்தேன். "ஏம்மா, உன் யோசனையை அந்தாளுக்குத் தூக்கிக் குடுத்துட்டியே!"

"பேரு அவருக்கு இருக்கட்டுங்க. ஸ்டூல் சிட்டுவுக்கு வந்தா சரி."

முதலாளி ஒரே ஒரு ஸ்டூலுக்குச் சரி என்றார், பார்ப்போம் என்ற இழுவையோடு. என் சிநேகிதன் ஒரு தச்சன். சிட்டு ஏறுவதற்கு ஒரு படி, காலை ஊன்றிக்கொள்ள ஒரு கட்டை, முதுகுக்கு ஒரு சாய்மானம் என்று என் வீட்டுக்காரி அவன் உயிரை வாங்கி அதைச் செய்து முடித்தாள். என் வேனில் ஏற்றிக்கொண்டு போய் நானே கவுண்ட்டருக்குப் பின்னால் வைத்தேன்.

வைத்தாயிற்று. உட்காரத்தான் ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. மேலே கண்ணாடிக்குப் பின்னால் முதலாளியின் உருவம் தெரிந்தது.

"வேண்டாங்க்கா, பயமா இருக்கு" என்றாள் சிட்டு. "இன்னும் கொஞ்ச நாள்தானே, நின்னே சமாளிச்சுடறேன்."

என் வீட்டுக்காரி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் சிட்டுவின் பக்கம் நகர்த்தினாள். யாரையும் பேசிச் சரிக்கட்டுகிறவள் அண்ணாந்து அந்தக் கண்ணாடியையே பார்த்தாள்.

மேனேஜர் வந்தார். எங்களைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். பிறகு அவரே அந்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கடையே விறைத்து நின்றது.

"ஆமா முதலாளி, நான்தான்" என்றார். மாடியைப் பார்த்துக் கழுத்தை நீட்டினார். "உக்காந்துதான் இருக்கேன். தலை தெரியுதுங்களா? ... சரிங்க. சரிங்க முதலாளி."

போனைப் பையில் போட்டுவிட்டு இறங்கினார். ஸ்டூலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிட்டுவிடம், "ஏறும்மா. ஆடாம பிடிச்சுக்கறேன்" என்றார்.

சிட்டு ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பெரிய செருப்புகள் ஒவ்வொன்றாகக் காலிலிருந்து கழன்று கீழே விழுந்தன. அந்த நேரம் பார்த்துத் துணி எடுக்க ஒரு அம்மாள் வந்துவிட்டாள். சிட்டு பழக்கதோஷத்தில் பதறி எழப் போனாள். என் வீட்டுக்காரி அவள் தோளை அழுத்தினாள்.

"உக்காருடி. உக்காந்துகிட்டே காட்டு."

சிட்டு ஒரு துணியை எடுத்துப் பிரிக்கப் போனவள், சட்டென்று நிறுத்தி என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, புரளுது பாருங்க. இந்த நேரத்துக்கெல்லாம் வயிறு கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும்க்கா. இன்னிக்குத்தான் இப்படிப் புரளுது."

என் வீட்டுக்காரி அந்தக் கையை எடுக்காமலேயே அழுதாள். மேனேஜர் இன்னும் ஸ்டூலை விடவில்லை. துணி எடுக்க வந்த அம்மாள்தான், "அவசரமில்லம்மா, மெதுவாக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு எங்களோடு நின்றாள்.