மொட்டைத் தலையும் ஞாயிற்றுக்கிழமைப் படங்களும்

திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், சந்தனம் பூசிய தலைகள் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டே இருக்கும். ஆந்திராப் பக்கத்துக் குடும்பங்களில் பெண்களும் கைக்குழந்தைகளும்கூட மொட்டையாகத்தான் ஊர் திரும்ப பஸ் ஏறுவார்கள். வேறு ஊரில் ஒரு பெண்பிள்ளை இப்படி நின்றால் நாலு பேர் காரணம் கேட்பார்கள். இங்கே என்ன வேண்டுதல் என்று கேட்பதோடு சரி.

எனக்கு மார்பில் கட்டி வந்து, வேலூரில் மருந்து ஏற்ற ஆரம்பித்து, தலையணையெல்லாம் முடியாகக் கிடந்தபோது இது வசதியாகப் போயிற்று. "எப்படியும் கொட்டத்தான் போவுது, மலையில குடுத்துட்டு வந்துடறேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மொட்டை போடுகிறவர் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாம்மா, கத்தி வெக்கறதுக்கு முன்னாடியே வந்துடுது?" என்றார்.

"சாமிக்கு அவசரம்" என்றேன்.

"எனக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தார். இப்படி வாயில் பதில் வைத்திருக்கிற மனிதர்களை எனக்கு நிரம்பப் பிடிக்கும். படிப்பு எட்டாவதோடு நின்றுபோனவள் நான். மற்றதெல்லாம் பேச்சில் கற்றதுதான்.

மகனைத் தவிர யாரிடமும் நோயைப் பற்றிச் சொல்லவில்லை. தையல் மெஷினை வாசல் அறையில் போட்டிருக்கிறேன். பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நோய் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு போய்விடும். என் கணவர் படுக்கையில் கிடந்தபோது பார்த்திருக்கிறேன். வந்தவர்களெல்லாம் ரகசியம் பேசுவதுபோலக் குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர், "நான் இன்னும் சாவலடா, கத்திப் பேசுங்கடா" என்று அலறினார். அதற்கும் அவர்கள் தணிந்த குரலில்தான் சமாதானம் சொன்னார்கள்.

எல்லாரையும்விட எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு என் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள். அவள் வீட்டு டிவியில் அவள் அப்பா பிரசங்கம் கேட்பார். தன் போனை என் டிவியோடு இணைத்துப் படம் போடுவாள். எங்களுக்குப் பிடித்தது ஒரே மாதிரிப் படங்கள்: ஒரு சின்னப் பிள்ளையும் வயதான ஒருவரும் முதலில் முறைத்துக்கொண்டு, அப்புறம் சிநேகிதமாகிவிடுகிற கதைகள். எந்தெந்த தேசத்துப் படமோ, கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தை அவள்தான் எனக்குத் தமிழில் வாசிப்பாள். எப்படி வாசிப்பாள் என்கிறீர்கள்! பனியில் கம்பளிக் கோட்டோடு நிற்கிற வெள்ளைக்காரக் கிழவர், "இன்னாடா பேமானி, சோறு துன்னியா?" என்று கேட்பார்.

அந்தப் படங்களில் வயதானவர் எப்படியும் செத்துப்போவார். முதல் இருமல் கேட்டதுமே இவள் கைதட்டுவாள். "இருமிட்டாரு! அத்த, இவரு கத முடிஞ்சுது."

"பாவம்டி."

"இன்னா பாவம்? கெழவன் போனாத்தான் பையன் திருந்துவான். நீ ஒரு தபா இருமிக் காட்டு, உன்ன உட்டுட்டு வேற கெழவியப் புடிச்சிக்கறேன்."

வயிறு வலிக்கச் சிரிப்பேன். தெருவில் என்னிடம் இப்படிப் பேச வேறு ஆள் கிடையாது. ஊசி, வாந்தி, நாக்குச் செத்துப்போன வாரங்கள் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். இவளும் என்னிடம் குரல் தணித்துப் பேச ஆரம்பித்தால் எனக்கென்று என்ன மிச்சம் இருக்கும்?

மொட்டைத் தலையைப் பார்த்தபோது தேங்காயைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தாள். "இன்னா வேண்டிக்கின?"

"நீ பாஸாவணும்னு."

"அதுக்கு எங்க சாமி கீறாரு. நீ உன் மண்டைய வெயில்ல காட்டாத, வெடிச்சிடப் போவுது."

அப்படியே சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தில் ஒரு கிழவியும் ஒரு சிறுமியும் சைக்கிளை நிறுத்திவிட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் வாசிக்கவில்லை. திரும்பினால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடி, படி."

"அத்த, உன்கூட மொட்ட போட்டவங்களுக்கெல்லாம் இந்நேரம் முளைச்சி வந்துகினு இருக்கும்."

"வயசானா லேட்டாவும்."

"புருவத்தையுமா சாமிக்குக் குடுத்த?"

காலையில் மைப்பென்சிலால் புருவம் வரைந்திருந்தேன். வெயில் வேர்வையில் அது கலைந்திருக்க வேண்டும். பதில் சொல்வதற்குள் என் கை நெற்றிக்குப் போய்விட்டது.

"எந்த எடத்துல?" என்று கேட்டாள். பயலாஜி படிக்கிற பெண். மார்பில் கை வைத்துக் காட்டினேன்.

"யாருக்கும் தெரியாது" என்றேன். "நீயும் தெரியாத மாதிரியே இரு. எப்பவும் போல என்ன திட்டிகினு இரு, போதும்."

"ஆங்" என்றாள். பிறகு அம்மா கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தாள். வாக்குத் தவறவில்லை, அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கையில் ஒரு பை சாத்துக்குடி. வழக்கமாக வாசலில் திசைக்கொன்றாகக் கிடக்கிற அவள் செருப்புகள் சுவரோரம் ஒழுங்காக நின்றன.

"சாப்ட்டீங்களா அத்த?"

"இன்னாடி, கெழவிக்குப் புதுசா மரியாத?"

"சும்மாதாங்க. ஃபேன் கொறைக்கட்டுமா? சிரிப்புப் படம் எதனா போடலாமா?"

"நம்ம படம் போடுடி" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

போட்டாள். கடலோர ஊர். படகு செப்பனிடுகிற ஒரு கிழவர், அவரிடம் வந்து ஒட்டிக்கொள்கிற ஒரு பையன். கிழவர் இருமினார். இவள் கைதட்டவில்லை. சத்தத்தைக் குறைத்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை, கறுப்புக் குடைகள், நீளமான பெட்டி ஒன்றைக் கயிறு கட்டிக் குழியில் இறக்குகிறார்கள். பையன் நனைந்துகொண்டு நிற்கிறான். கீழே எழுத்து ஓடியது.

"ஊர்ல ஏதோ திருவிழாவாம்" என்று வாசித்தாள்.

"கெழவர் எங்க?"

"மவ ஊட்டுக்குப் போயிருக்காராம்."

"பையன் ஏண்டி அழறான்?"

"அழல... சளி புடிச்சிருக்குதாம்."

விளையாடுகிறாளோ என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். முன்பானால் இந்தப் பதிலுக்கு இருவரும் தரையில் உருண்டிருப்போம். அவள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

"திரும்பி வந்துடுவாரு இல்ல?" என்று கேட்டேன்.

"ஆங், வந்துடுவாருங்க அத்த" என்றாள், தணிந்த குரலில்.